ஐயா வரும்வரை

எங்கள் ஊர்ப் புத்தகத் திருவிழா அழைப்பிதழில் அண்ணனுக்கு ஒரு வரி உண்டு. ‘மாலை 5.30: இன்னிசை.’ பெயர் இருக்காது. அதற்குக் கீழே சிறப்பு விருந்தினரின் பெயர், பதவி, படிப்பு எல்லாம் புகைப்படத்தோடு இருக்கும். நேரம் 6 மணி என்று போட்டிருக்கும். ஆறு என்றால் ஏழரை என்பது ஊரறிந்த கணக்கு. நடுவில் தொங்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தோளில் சுமக்கிறவர்தான் அண்ணன்.

2022-க்குப் பிறகு மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா வந்துவிட்டதால் அவருக்கு ஊர்ப் பஞ்சமில்லை. வெளுத்த ஜிப்பா, தோளில் சிவப்புத் துண்டு, பையில் பனங்கற்கண்டு டப்பா. கூடவே ஒரு டோலக், இரண்டு பறை, இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்த ஒரு கீபோர்டு தம்பி. அண்ணன் பழைய கலை இலக்கிய இரவுகளில் தொண்டை திறந்தவர். அங்கே அவர் முறை வர அதிகாலை மூன்று ஆகும். ஆனாலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு மண்தரையில் ஜனம் உட்கார்ந்திருக்கும். இங்கே ஜனம் நடந்துகொண்டே கேட்கிறது. ஒரு கையில் டெல்லி அப்பளம், மறு கையில் பத்து சதவீதக் கழிவில் வாங்கிய புத்தகம்.

அண்ணனுடைய தனி வித்தை, பாட்டை இழுப்பதும் வெட்டுவதும். மேடைக்குக் கீழே நிற்கும் விழாக்குழுக்காரர் இரண்டு கைகளாலும் ரப்பரை இழுப்பதுபோல் காட்டினால் ‘ஐயா இன்னும் வரவில்லை’ என்று பொருள். கழுத்தை அறுப்பதுபோல் காட்டினால் வந்துவிட்டார். இடையில் காதருகே வந்து செய்தியும் சொல்வார்.

“அண்ணே, ஐயா டோல்கேட்டத் தாண்டிட்டாராம்.”

டோல்கேட் என்றால் மூன்று பாட்டு. சர்க்யூட் ஹவுஸில் டீ குடிக்கிறார் என்றால் இரண்டு. சைரன் காதில் விழுந்தால் சரணத்தின் எந்த மூலையில் இருந்தாலும் நாலே தட்டில் பல்லவிக்கு வந்து, கும்பிட்டு, மைக்கைக் கொடுத்துவிட வேண்டும். ஒருமுறை ‘விடியும்’ என்ற சொல்லில் ‘விடி’ மட்டும் பாடிவிட்டு இறங்கினார். மிச்சத்தை விருந்தினர் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

பாட்டுக்கு நடுவே அறிவிப்புகள் வேறு வரும். சிவப்புச் சட்டை போட்ட ஐந்து வயதுப் பையன் விழாக்குழு அலுவலகத்தில் அழுதுகொண்டிருக்கிறான், பெற்றோர் உடனே வரவும். அதுவரை அண்ணன் ஒரே சுரத்தில் ‘ம்ம்ம்’ என்று நின்றுகொண்டிருப்பார். அம்மா கிடைத்ததும் அடுத்த அடி.

பறைக்காரர்களின் பாடு தனி. தோலைத் தீயில் காட்டி முறுக்கேற்றாமல் அடித்தால் நனைந்த சாக்கைத் தட்டுவதுபோல் ‘பொத்’தென்று விழும். காய்ச்ச நெருப்பு வேண்டும். எரிக்கக் காகிதத்துக்குப் பஞ்சமே இல்லாத ஒரே இடத்தில் தீக்குச்சி கிழிக்கத் தடை. வாசலிலேயே தீயணைப்பு வண்டி நிற்கிறது. கடைசியில் சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடை அடுப்பில் காய்ச்சுகிறார்கள். பால் பொங்கினால் பறை ஒதுங்க வேண்டும், பறை காய்ந்தால் டீ தாமதம். “ஃபைபர் வாங்குங்களேண்ணே, காய்ச்சவே வேண்டாம்” என்கிறான் கீபோர்டு தம்பி. அப்படிச் சொன்ன நாளில் அவனுக்கு டீ வருவதில்லை.

அந்த டீக்கடையில்தான் அண்ணன் சிலப்பதிகாரம் நடத்துவார். “அரங்கேற்று காதையப் படிச்சிருக்கியா தம்பி? மாதவி ஆடுறதுக்கு முன்னாடி பாடுறவன், பாட்டு எழுதுறவன், தண்ணுமை, குழல், யாழ்னு ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா இலக்கணம் சொல்றார் இளங்கோ. மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூண் நிழல் ஆடுற எடத்துல விழாம வெளக்கு வைக்கச் சொல்றார். நமக்கு? அஞ்சு பேருக்கு ரெண்டு மைக்கு. மூஞ்சியில பேனர் நிழல்.”

அவரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. மேடையில் கவிஞர் யாராவது தென்பட்டால் அவர் கவிதையை அங்கேயே மெட்டில் ஏற்றிவிடுவார். மெட்டு என்றால் ஒன்றேதான், தெம்மாங்கு. சென்ற ஆண்டு ஒரு நவீன கவிஞர் மாட்டினார். மௌனத்தைப் பற்றிய பதினோரு வரிக் கவிதை, நிறுத்தற்குறியே கிடையாது. அண்ணன் அதை வாங்கி ஒரு நோட்டம் விட்டு, “அன்பர்களே, மௌனம்ங்கற வார்த்தை வர்ற எடத்துலெல்லாம் எல்லாரும் சேர்ந்து கைதட்டணும்” என்றார். கூட்டம் தட்டியது. டோலக் உச்சத்துக்குப் போனது. கவிஞர் கண்களை மூடிக்கொண்டார். ரசிக்கிறார் என்று அண்ணன் இரண்டாம் முறையும் பாடினார்.

(அன்று அந்தக் கவிஞரின் தொகுப்பில் எட்டுப் பிரதிகள் விற்றன. கடைக்காரர் என்னிடம் வியந்து சொன்னார்.)

பொன்னாடைக்குப் பதில் புத்தகம் என்ற நல்ல பழக்கம் வந்ததில் அண்ணன் வீட்டில் இப்போது பதினான்கு திருக்குறள் இருக்கிறது. பயணப்படி உறை அடுத்த வாரம்.

அவர் முழுசாகப் பாடும் ஒரே பாட்டு தமிழ்த்தாய் வாழ்த்துதான். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, முல்லைப்பாணியில், அதாவது மோகனத்தில், 55 விநாடியில் பாட வேண்டும் என்கிறது. ஒலித்தட்டைப் போடாமல் வாயால் பாடவும் சொல்கிறது. “இந்த அம்பத்தஞ்சு செகண்டுக்கு மட்டும் எந்தக் கொம்பனும் நடுவுல வர முடியாது தம்பி. வந்தாலும் எந்திரிச்சு நிக்கணும்” என்பார் அண்ணன். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த முறை நான்காம் நாள், ஐயாவுக்குச் சென்னையில் அவசர வேலை. விழாக்குழுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “அண்ணே, இன்னிக்கு அவர் வரல. ஒன்பது வரைக்கும் மேடை ஒங்களுக்குத்தான். வஞ்சகமில்லாமப் பாடுங்க.”

அண்ணன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பனங்கற்கண்டு இரண்டு துண்டு உள்ளே போனது. பறை அன்று நன்றாகக் காய்ந்திருந்தது. பல்லவி, மூன்று சரணம், எல்லாம் கணீரென்று வந்தன. நாற்காலியில்கூடச் சிலர் உட்கார்ந்தார்கள். நான்காவது சரணத்தின் முதல் சொல்லை எடுத்தவர் அப்படியே நின்றார். கீபோர்டு தம்பி திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கம் அவன் வந்ததே இல்லை. அண்ணனே போய் இருபது வருஷம் இருக்கும்.

டோலக் காத்திருந்தது. அண்ணனின் கண் தானாக வாசல் பக்கம் போனது. சைரன் ஒன்றும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி பல்லவியைப் பிடித்தார்.