பார்த்தது பாடமாகுமா?

கேள்வி: ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தில் என்பிடெல் வழங்கும் காணொளிப் பாடங்களை இருமுறை பார்த்த பிறகும் தேர்வு அறையில் எதுவும் நினைவுக்கு வருவதில்லையே, ஏன்?

பதில்: அடுத்தவர் உண்பதைப் பார்த்து வயிறு நிறையாததைப் போலவே, பேராசிரியர் கணக்குப் போடுவதை எத்தனை முறை பார்த்தாலும் பயிற்சி அவருக்கே சேர்கிறது, பார்ப்பவரிடம் மிஞ்சுவது தெரிந்த பாடம் என்னும் உணர்வு மட்டுமே. தேர்வோ நினைவிலிருந்து எடுத்துத் தரச் சொல்கிறது. நூலை மூடிவிட்டுப் படித்ததை மனத்திலிருந்தே எழுதிப் பார்ப்பதை உளவியலார் மீட்டெடுப்புப் பயிற்சி என்பர். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினர். ஒரு வாரம் கழித்தோ அவர்கள் 42 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர்.

ஆகவே காணொளியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, வெற்றுத் தாளில் நான்கு வரி எழுதி, விடுபட்ட இடத்துக்காக மட்டும் பின்னோக்கி நகர்த்துவதே உரிய முறை. விடுபட்டவற்றை ஆன்கி செயலியில் முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையுமாக அட்டைகளாக்கினால், தவறிய அட்டையை அது விரைவிலும், சரியாகச் சொன்னதை நீண்ட இடைவெளி விட்டும் காட்டும். கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் அது இலவசம். பிறர் செய்த அட்டைகளை இறக்கிக்கொள்வது வேண்டாம். அட்டை எழுதுவதே பாதிப் படிப்பு. விடையை நாமே யோசித்து எழுதும் பயிற்சியும் இத்தகைய ஒத்திகையே. என்பிடெல் பாடங்கள் பெரும்பாலானவற்றில் அசைன்மென்ட் எனப்படும் வாரப் பயிற்சிகளுக்கு 25 விழுக்காடும், மையத்துக்குச் சென்று எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் ஒதுக்கப்படுவதால், விடைகளை நண்பரிடம் வாங்கி நிரப்புபவர் அந்த 25-ஐக் காப்பாற்றிக்கொண்டு, 75-க்கான ஒத்திகையைக் கைவிடுகிறார்.