ஐந்தே போதும்

மென்பொருள் நிறுவனத்தில் சில காலம் குப்பை கொட்டிவிட்டு, ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டுக்கு சி மொழி நடத்தப் போனேன். கம்ப்யூட்டரைத் தொந்தரவு செய்யாமலே கம்ப்யூட்டர் கற்றுத்தரும் கலையை அங்கேதான் கண்டேன்.

முதலில் லேபைச் சொல்ல வேண்டும். தொண்டைமானின் வேல்கள் நெய் பூசி, மாலை சூடி, ஒரு கீறல் இல்லாமல் மின்னியதை ஔவையார் பார்த்துப் பூரித்தாரே, அந்த அழகு. கீபோர்டுகளின் பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஆய்வுக் குழு வரும் நாளில் எல்லாத் திரைகளும் ஒருசேர ஒளிரும். கண் கொள்ளாக் காட்சி.

பழமையைப் போற்றுவதிலும் குறை வைக்கவில்லை. போர்லேண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட டர்போ சிதான் இன்றும் அங்கே அரசாள்கிறது. 64 பிட் விண்டோஸில் அது ஓடாது. அதனால் என்ன? டாஸ்பாக்ஸ் போட்டு அந்தக் காலத்து டாஸையே எழுப்பி உட்கார வைத்திருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஜிசிசியை நிறுவிவிடும் அற்பபுத்தி யாருக்கும் இல்லை. ‘வாய்ட் மெயின்’, ‘கெட்ச்’ இல்லாமல் ஒரு புரோகிராமும் கிடையாது. சி மொழிக்கு 1989-இல் தரநிலை வகுத்தவர்கள் இவற்றைச் சேர்க்க மறந்துவிட்டார்கள், பாவம்.

ஃபாக்டோரியல் கணக்கு நடந்த அன்றுதான் துறைத்தலைவரின் அருமை புரிந்தது. எல்லா ரெக்கார்டு நோட்டிலும் 5 கொடுத்தால் 120. ஒரு மாணவி மட்டும் துடுக்காக 8 கொடுத்துவிட்டாள். மைனஸ் 25216 என்று வந்தது. “சார், பெருக்கிக்கிட்டே போனா மைனஸ் வருமா?” என்றாள். டர்போ சியில் இன்ட்டுக்கு இரண்டே பைட், 32767-க்கு மேல் கொள்ளாது, 40320 வழிந்துவிட்டது என்று விளக்கினேன். உடனே இன்ட்டை லாங் ஆக்கி, சரியான விடையை வரவழைத்துவிட்டாள். வகுப்பே அவள் திரையைச் சுற்றி நின்றது. நல்லவேளை, துறைத்தலைவர் வந்து ஒழுங்கை மீட்டார்.

“ஏன் சார் 8 குடுக்க விட்டீங்க? 5 போதும். மேனுவல்ல இன்ட்தான் இருக்கு. லாங் எழுதுனா எக்ஸ்டர்னல் மார்க் போட மாட்டார்.”

எவ்வளவு தொலைநோக்கு! 8-இல் ஆரம்பித்தால் பிள்ளைகள் 9 கேட்பார்கள், 20 கேட்பார்கள், கடைசியில் ஏன் என்று கேட்பார்கள். அந்த மாணவி மறுநாளே லாங்கை அடித்துவிட்டு இன்ட் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

ரெக்கார்டு நோட்டோ காவியம். எய்ம், அல்காரிதம், புரோகிராம் எல்லாம் நீல மையில். அவுட்புட் மட்டும் பென்சிலில். “புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டு, விடை சரிபார்க்கப்பட்டது” என்ற கடைசி வரியை லேபுக்கு முந்தின இரவே ஹாஸ்டலில் எழுதி முடித்துவிடுவார்கள். முடிவு முன்பே தெரிந்துவிடுவதால் மின்சாரம் மிச்சம்.

செமஸ்டர் தேர்வுக்கும் கம்ப்யூட்டரின் தயவு தேவையில்லை. புரோகிராமைத் தாளில் எழுத வேண்டும். தாளில் எழுதிய புரோகிராம் ஹேங் ஆனதாகச் சரித்திரமே இல்லை. கொஸ்டின் பேங்கைப் பாராமல் எழுதிப் பழகியவர்கள் கமா பிசகாமல் எழுதி, முதல் வகுப்பில் தேறுகிறார்கள். அதற்குப் பிறகு வேலை கொடுக்கும் நிறுவனங்கள்தான் மாதக்கணக்கில் உட்கார வைத்து மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்து நேரத்தை வீணாக்குகின்றன.

ஆகவே பெற்றோர்களே, கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கலாமா என்று தயங்க வேண்டாம். பிள்ளைக்குக் கையெழுத்து நன்றாக இருந்தால் போதும்.