ஆறிய சோறும் ஆணையமும்

பெறுநர்:
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், புது தில்லி.

பொருள்: சைனீஸ் பஃபேயில் கூட்டமாகச் சாப்பிடுதல் – நடைமுறை விளக்கமும் கோரிக்கையும் – தொடர்பாக.

பார்வை: உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006.

சைனீஸ் பஃபே என்பது, தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, பாத்திரங்களை வரிசையாக வைத்து, வேண்டியதை வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்ளச் சொல்லும் ஏற்பாடு. திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் இது இரண்டு வகைப்படும். கல்யாண வரவேற்பில் பிரியாணிக்கும் பானிபூரிக்கும் நடுவே போடப்படும் ‘சைனீஸ் கவுண்டர்’ ஒன்று. முகூர்த்தம் முடிந்த உறவுக் கூட்டம் வேன் பிடித்து மதுரைக்குள் போய் இறங்கும் ஓட்டல் மற்றொன்று. முருகன் தெய்வானையை மணந்த தலமாதலால், முகூர்த்த நாள்களில் இங்கே மாலையும் கழுத்துமாக வரும் ஜோடிகளுக்கும், பின்னால் வரும் உறவுக்காரர்களுக்கும் பஞ்சமே கிடையாது. மதியம் இலையில் சைவம், இரவு தட்டில் சில்லி சிக்கன் என்று அன்றைய நாள் பிரிகிறது.

இந்தச் சாப்பாட்டுக்குச் சீனா தூரத்துச் சொந்தம்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கல்கத்தாவில் குடியேறிய சீனர்களின் அடுப்பில், சோயா சாஸுடன் பச்சை மிளகாயும் பூண்டும் சேர்ந்து உருவானது இது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975இல் பம்பாயின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சிக்கன் மஞ்சூரியனைச் செய்து காட்டினார். கோழி இருந்த இடத்தில் காலிஃப்ளவர் வந்து உட்கார்ந்தபோது கோபி மஞ்சூரியன் கிடைத்தது. மஞ்சூரியாக்காரர்கள் கேள்விப்படாத இப்பண்டத்தின் பெயரை இங்கே பால்வாடிப் பிள்ளையும் பிசகாமல் சொல்லும்.

கூட்டமாகச் சாப்பிடுவதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது தலை எண்ணுதல். போனில் இருபது பேர் என்று சொல்லப்பட்ட குழு, வேன் கதவு திறக்கும்போது இருபத்தாறாக இருக்கும். பத்து வயதுக்குக் கீழே பாதி விலை என்று பலகை தொங்கினால், கல்லாவுக்கு முன்னால் பிள்ளைகளின் வளர்ச்சி நின்றுவிடும். ஏழாம் வகுப்பு முடித்தவனுக்கும் ‘ஒம்பது முடிஞ்சு பத்து நடக்குது’ என்று சித்தி சாட்சி சொல்வார்.

இரண்டாவது கட்டம் போட்ட காசை எடுத்தல். இதற்குத் தாய்மாமன் தலைமை வகிப்பார். ‘சூப்பைக் குடிச்சு வயித்த ரொப்பாதீங்கடா, எறாலுப் பக்கம் போங்க’ என்பது அவர் வெளியிடும் ஒரே சுற்றறிக்கை. ஆணையத்தின் சுற்றறிக்கைகளைப் போல் அல்லாமல், இது வெளியான நிமிடமே நடைமுறைக்கு வருகிறது.

மூன்றாவது கட்டம் கரண்டி மாறுதல். சில்லி சிக்கனில் கிடந்த கரண்டி, நான்கு பேர் கடந்ததும் கோபி மஞ்சூரியனுக்குள் இருக்கும். செவ்வாய், வெள்ளி விரதம் பிடிக்கும் அத்தைக்கு இது தெரியாது. பாக்கெட் உணவின் மேல் பச்சை வட்டமும் பழுப்பு முக்கோணமும் அச்சிட ஆணையம் விதி செய்திருக்கிறது. கரண்டி பாக்கெட்டில் வருவதில்லை என்பதால் அது விதிக்கு வெளியே நிற்கிறது.

இனி விதிகளும் அவை நிறைவேறும் விதமும். சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. பாத்திரத்துக்கு அடியில் வெந்நீர்த் தட்டும், அதற்கும் அடியில் சிறு டப்பாவில் ஜெல் எரிபொருளும் இருப்பது இதற்காகத்தான். இருபத்தாறு பேர் வரிசையில் நின்றால் பாத்திரத்தை மூட நேரம் இருக்காது. ஜெல் தீர்ந்ததைக் குனிந்து பார்க்க ஆளும் இருக்காது. வெப்பமானியின் வேலையைப் பெரியப்பாவின் சுண்டுவிரல் பார்க்கிறது. விரலைக் குழம்புக்குள் விட்டு எடுத்து, ‘சூடு பத்தல’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அவரே இரண்டு கரண்டி போட்டுக்கொள்கிறார்.

நிறத்துக்கும் விதி உண்டு. அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமிகள் எட்டு; அவற்றையும் பட்டியலிட்ட பண்டங்களில்தான் சேர்க்கலாம். கர்நாடக அரசு 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் கூடாதென்று தடை போட்டது. கோவாவின் மாபுசா நகராட்சி கோபி மஞ்சூரியனையே விலக்கியது. கர்நாடகத்துக்கு முந்தைய மாதம் தமிழ்நாடு ரோடமைன்-பி சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. பஃபேயில் ஆய்வுக்கூடம் கைகழுவும் இடத்தில் இருக்கிறது: இரண்டு முறை சோப்புப் போட்ட பிறகும் விரல் நுனி சிவந்திருந்தால் அது நிறமி. மருதாணி வைத்த கல்யாணப் பெண்ணிடம் மட்டும் இச்சோதனை செல்லாது.

எல்லாவற்றிலும் அதிகம் கேட்கப்படும் கேள்வி, ‘அஜினமோட்டோ போடுறீகளா?’ என்பது. ஜப்பானின் கிகுனே இகேடா 1908இல் பிரித்தெடுத்த சுவை உப்பு இது. சீன ஓட்டலில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போவதாக 1968இல் ஒரு மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். சந்தேகப்பட்ட காரணங்களுள் இந்த உப்பும் ஒன்று. பின்னர் நடந்த கட்டுப்பாடான சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. பயம் மட்டும் போகவில்லை. ஒரே கடிதம் உலகத்தை அரை நூற்றாண்டு மிரட்ட முடியும் என்பதற்கு இது சான்று. இந்தக் கடிதம் அவ்வளவுக்கு ஆசைப்படவில்லை.

ஒருவரும் கேட்காத கேள்வி, ‘சோறு எப்ப வடிச்சது?’ என்பது. ஃபிரைடு ரைஸ் உதிரியாக வர வேண்டுமானால் சோறு ஆறியிருக்க வேண்டும். இருநூறு பேருக்கான கவுண்டரில் காலையில் வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, சாயங்காலம் கடாயில் புரட்டுவது மாஸ்டருக்கு வசதி. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவுக்கும் அதுவே வசதி. அதன் வித்துகள் கொதியில் சாவதில்லை. மதுரை வெக்கையில் ஆறும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தியைத் தரும் அந்த நஞ்சு மறுபடி வறுத்தாலும் அழியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சீன உணவகங்களில் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்களிடம் இந்த வாந்தி நோய் கண்டறியப்பட்டது. சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கும். குடும்பத்தில் இதற்குக் காரணம் ‘கண்ணு பட்டுருச்சு’ என்று பதிவாகி, மிளகாய் சுற்றிப் போடுவதோடு கோப்பு மூடப்படுகிறது.

ஆணையத்தின் எண்ணறிவில் குறை காண முடியாது. 2022 ஜனவரி 1 முதல் பில்லில் 14 இலக்க உரிம எண் கட்டாயம். சோறு வெந்த நேரத்தை எழுத நான்கு இலக்கம் போதும். அது எங்கும் கிடையாது. பத்துக் கிளை வைத்திருக்கும் ஓட்டல் உணவுப் பட்டியலில் கலோரியை அச்சிட வேண்டும். பத்துப் பாத்திரம் வைத்திருக்கும் கவுண்டர் பெயரை மட்டும் எழுதினால் போதும், அதிலும் ‘மஞ்சூரியன்’ ஊருக்கு ஓர் எழுத்துக்கூட்டலில் இருக்கும்.

ஆகவே கோரப்படுபவை நான்கு. ஒவ்வொரு பாத்திரத்தின் பெயர்ப் பலகையிலும் உணவு தயாரான நேரம் எழுதப்பட வேண்டும். ஃபிரைடு ரைஸுக்குச் சோறு வடித்த நேரம் தனியாக வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்திலும் வெப்பமானி ஒன்று சாப்பிடுபவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சைவக் கரண்டியின் பிடி பச்சை நிறமாக இருக்க வேண்டும். ஆய்வு முகூர்த்த நாள் இரவு எட்டரை மணிக்கு, வரிசையின் கடைசியில் நின்று, மற்றவர்களைப் போலத் தட்டேந்தி நடத்தப்பட வேண்டும்.

சட்டம் 2006இலிருந்து இருக்கிறது, 60 டிகிரி அதன் விதிகளில் இருக்கிறது. கரண்டிப் பிடியும் சோறு வடித்த நேரமும் தவிரப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. எழுதியதைப் பாத்திரத்தின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் போதும். அதுவரை சாப்பிட வருவோர் அஜினமோட்டோவைப் பற்றிய விசாரணையை விட்டுவிட்டு, சோறு வடித்த நேரத்தைக் கேட்பது நல்லது. பதில் வராவிட்டால் நூடுல்ஸ் பக்கம் நகரலாம்.

இப்படிக்கு,
வரிசையின் கடைசியில் நிற்போர்,
திருப்பரங்குன்றம், மதுரை.