யாருக்குங்க மருந்து?

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவே விரிந்து கிடக்கிற எங்கள் சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே ஒரு கணக்கு வந்துவிடும். வாயில் போடத்தக்க பொருள் எல்லாமே ஒன்று சூடு, இல்லையென்றால் குளிர்ச்சி. கொள்ளு சூடு, வெந்தயம் குளிர்ச்சி. மாம்பழம் சூடு, மோர் குளிர்ச்சி. கோழிமுட்டை சூடு, கம்மங்கூழ் குளிர்ச்சி. உடம்பு இந்த இரண்டு பேரும் சேர்ந்து குடியிருக்கிற வீடு என்றும், ஒருவர் கை ஓங்கினால் மற்றவர் கோபித்துக்கொண்டு மூக்கொழுகலாகவோ நீர்க்கடுப்பாகவோ வெளியே கிளம்பிவிடுவார் என்றும் சின்ன வயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். உங்களில் பலரும் அப்படித்தான் நம்பியிருப்பீர்கள்.

இந்தக் கணக்குக்கு எங்கள் வீட்டில் கணக்குப்பிள்ளை அம்மாயி. மல்கோவாக் காலம் வந்துவிட்டால் தோட்டத்திலிருந்து வந்த பழங்களை உடனே தொட விடமாட்டாள். பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பிப் பழங்களை மூழ்கப் போட்டு, “சூடு இறங்கட்டும் கண்ணு” என்பாள், நாங்கள் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து சூடு இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று காத்திருப்போம். பழம் தின்றபின் ஒரு டம்ளர் பால் கட்டாயம். கத்திரி வெயிலில் நீராகாரமும் சின்ன வெங்காயமும், கண் எரிகிறது என்றால் உள்ளங்காலுக்கும் தொப்புளுக்கும் விளக்கெண்ணெய். அந்த எண்ணெயும் காட்டில் விளைந்த கொட்டமுத்தை வறுத்து இடித்துக் கொதிக்கவைத்து வீட்டிலேயே எடுத்தது. மார்கழிப் பனி இறங்கியதும் கணக்கு தலைகீழாகத் திரும்பிவிடும். அடுப்பில் கொள்ளு ரசம் ஏறும், தோசைக்குத் தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல் வரும், சளி கட்டினால் மிளகு தட்டிப் போட்ட நாட்டுக்கோழி ரசம். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று ஊரில் சொல்வார்கள் அல்லவா, அதையே எங்கள் வீட்டில் ஒரே பந்தியில் பார்க்கலாம். ஒல்லியான தம்பிக்கு எள்ளுருண்டை, எனக்குக் கொள்ளு. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு ஏன் இரண்டு பண்டம் என்று நான் அழுத அழுகை தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நினைத்துப் பார்க்கிறேன். நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுப் பொரியவிட்டு, இளஞ்சூட்டில் உச்சியில் வைத்துத் தட்டுவாள். மிளகு போட்டது எண்ணெயின் குளிர்ச்சி தலையில் கோத்துக்கொள்ளாமல் இருக்க. பிறகு அரப்புத்தூள், கண்ணில் விழுந்தால் உலகமே இருண்டுவிடும். குளித்த பிறகு பகலில் தூங்கக்கூடாது, இளநீர் கூடாது, மிளகு ரசம்தான் சோற்றுக்கு. குளிர்ச்சி தருகிற ஒரு காரியத்துக்கு இத்தனை சூட்டுக் காவல் போட்டிருந்தார்கள் என்பது அப்போது புரியவில்லை. இன்று எங்கள் ஊர் அங்காடியில் அரப்பும் சிகைக்காயும் அழகான உறையில் வரிசையாக நிற்கின்றன, எண்ணெய்க்குத்தான் தலை கிடைப்பதில்லை; சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கிறது, பெரியவர்களுக்கு வேலை இருக்கிறது.

வீட்டு வைத்தியத்தைத் தாண்டிப் போனால் சேலம் செவ்வாய்ப்பேட்டை. அங்கே போவதற்காகவே எனக்குக் காய்ச்சல் வந்தால் தேவலை என்று இருக்கும். மஞ்சள் மண்டியும் வெல்ல மண்டியும் மணக்கிற தெருக்களைக் கடந்து நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தால் சுக்கு, வசம்பு, கோஷ்டம், கோரைக்கிழங்கு, வெட்டிவேர் எல்லாம் கலந்து ஒரு வாசனை அடிக்கும். அந்த வாசனையை இன்றுவரை எந்தக் கம்பெனியும் சீசாவில் அடைக்கவில்லை. அம்மாயி சரக்கின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் கேட்டுவிடுவார்:

“யாருக்குங்க ஆத்தா?”

“பேரனுக்குங்க சாமி.”

“எத்தனை வயசுங்க? பேதி எப்படிப் போகுது? ராத்திரியில காயுதா, பகல்லயா?”

இதற்கெல்லாம் பதில் வந்த பிறகுதான் தராசு கீழே இறங்கும். குழந்தைக்கு என்றால் மிளகைக் குறைத்துக் கட்டுவார், மழைக்காலம் என்றால் சுக்கைக் கூட்டுவார். செய்தித்தாளில் சின்னச் சின்னப் பொட்டலமாக வரும் அந்தச் சரக்கு வீட்டுக்கு வந்து, இடிபட்டு, துணியில் சலிக்கப்பட்டு, ஒன்றுக்கு நாலு தண்ணீர் வைத்துக் கால்பங்காகச் சுண்டும். தூள் என்றால் மூன்று விரலால் எடுக்கிற வெருகடி அளவு. குழைப்பதற்கு மூவருக்கு மூன்று: கபம் கட்டியவனுக்குத் தேன், பித்தம் ஏறியவனுக்கு நெய், மற்றவர்களுக்கு வெந்நீர். கைக்குழந்தைக்கு உரைமருந்து, மாசிக்காயையும் ஜாதிக்காயையும் கடுக்காயையும் வசம்பையும் உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைக்கும்போது, குழந்தை வளர வளர இழைப்பும் ஒன்றிரண்டு கூடும். வயதைத் தேதியில் எழுதிவைக்காத வீடுகளில்கூட உரைகல்லுக்குக் குழந்தையின் வயது தெரியும்.

நிலவேம்புக் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம். இதில் வெட்டிவேரும் விலாமிச்சையும் சந்தனமும் உடம்பைத் தணிக்கிற பக்கம், சுக்கும் மிளகும் மூட்டுகிற பக்கம். காய்ச்சலைத் தணிக்க வந்த மருந்துக்குள் காரத்தை ஏன் வைத்தார்கள் என்றால், தணிக்கிற வேகத்தில் வயிற்றுத் தீயையும் சேர்த்து அணைத்துவிடக் கூடாது என்பதற்காக என்று வைத்தியர்கள் விளக்குவார்கள். வளி, அழல், ஐயம் என்று சித்த மருத்துவம் மூன்றாகப் பிரித்துச் சொல்வதைத்தான் அம்மாயி சூடு, குளிர்ச்சி என்று இரண்டாகச் சுருக்கிக் கையாண்டாள்.

இதே இரண்டை வைத்துச் சீனர்கள் ஒரு பெரிய சாஸ்திரமே கட்டியிருக்கிறார்கள் என்று நடுவயதில் படித்தபோது எனக்கு உறவுக்காரரைச் சந்தித்த சந்தோஷம். அவர்கள் கணக்கில் யின் என்பது குளிர்ச்சி, ஈரம், அமைதி, இரவு. யாங் என்பது சூடு, உலர்வு, அசைவு, பகல். ஒன்று மிஞ்சினால் மற்றதைத் தேற்றுவதுதான் மருந்து. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன், ஹான் அரச மரபின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த சாங் சோங்ஜிங் என்ற மருத்துவர் எட்டுச் சரக்கில் ஒரு மாத்திரை எழுதிவைத்தார், யாங் தளர்ந்தவர்களுக்கு. சோங் அரச மரபுக் காலத்தில், சுமார் 900 ஆண்டுகளுக்கு முன், சியான் யி என்ற குழந்தை மருத்துவர் அதே மாத்திரையைக் கையில் எடுத்தார். குழந்தைகளுக்கு யாங் இயல்பாகவே மிகுதி, இன்னும் சூடு எதற்கு என்று இலவங்கப்பட்டையையும் நாபி வகைக் கிழங்கையும் நீக்கிவிட்டு மற்ற ஆறை அப்படியே வைத்துக்கொண்டார். அந்த ஆறு சரக்கு மாத்திரை இன்றும் சீனத்து மருந்துக் கடைகளில் யின்னைத் தேற்றுகிற மருந்தாக விற்கிறது. செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் பேரனுக்கென்று மிளகைக் குறைத்துக் கட்டியதும் இதுவும் ஒரே கையின் வேலை அல்லவா!

உறவுக்காரர் என்று சும்மா சொல்லவில்லை. சேலத்துக்குப் பக்கத்துக் கஞ்சமலையில் சித்தர் கோயில் இருக்கிறது. அமாவாசையென்றால் கூட்டம் நெரியும். திருமூலர் அங்கே வந்தபோது, கூட வந்த வயதான சீடர் சோற்றைக் கிண்டக் கையில் கிடைத்த ஒரு குச்சியை எடுத்தாராம். சோறு கறுத்துவிட, பயந்து அதைத் தானே தின்று தீர்த்தவர் இளைஞராகிவிட்டாராம். அவரையே காலங்கி நாதர் என்பார்கள். அவருடைய சீடர் போகர். பழனி நவபாஷாணச் சிலையைச் செய்தவராகச் சொல்லப்படுகிறவர். குருவும் சீடரும் சீனத்துக்குப் போய்வந்ததாகவும் மரபு சொல்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் இதற்குச் சான்று கேட்பார்கள், கேட்கட்டும். மலையில் எந்தக் குச்சியாக இருக்கும் என்று தேடி அலைவதற்கு எங்களுக்கு அந்தக் கதை போதுமானதாக இருந்தது.

கதையைவிடக் கெட்டியான உறவு ஒன்று கொல்லிமலைப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், பழுப்பு ரோமம் போர்த்திய முடவாட்டுக்கால் கிழங்கை. பாறையிலும் மரத்திலும் படர்கிற ஒரு பெரணியின் தண்டு அது. ரோமத்தைச் சீவி, நசுக்கி, மிளகு சீரகம் சின்ன வெங்காயம் போட்டு மூட்டுவலிக்கு சூப் வைப்பார்கள். இதே பேரினத்துப் பெரணி ஒன்றின் தண்டைச் சீனர்கள் சுடுமணலில் வறுத்து, அதன் ரோமத்தையும் இப்படியே நீக்கி, எலும்புக்கும் மூட்டுக்கும் யாங்கை ஏற்றும் மருந்தாகக் கொடுக்கிறார்கள். நடுவே இமயமலை இருந்தும் இரண்டு மலைவாசிகளின் கை ஒரே பேரினத்துச் செடியிடம் போயிருக்கிறது. முன்பு ஆகாய கங்கைக்குப் போகிற வழியில் மலைக்காரப் பாட்டியிடம் கிழங்கு கேட்டால் வலி யாருக்கு, எந்த மூட்டில், வயிறு எப்படி என்று விசாரிப்பாள். இப்போது வண்டி நிறுத்துமிடத்திலேயே காகிதக் கோப்பையில் சூடாகக் கிடைக்கிறது. குடித்துவிட்டு அடுத்த வளைவில் படம் எடுத்துக்கொள்கிறோம். சுவையில் குறை சொல்வதற்கில்லை.

காலம் எப்படி மாறிவிட்டது என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, நெகிழ்ச்சியும் வருகிறது. 2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசே நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்தது. 2020-இல் கொரோனா வந்தபோது பதினைந்து சரக்குச் சேர்ந்த கபசுரக் குடிநீர் தெருமுனைகளில் அண்டா அண்டாவாகக் கொதித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயத்துக்கு ஓடி ஒளிந்த என் வயதுக்காரர்கள் எல்லாம் முகக்கவசத்தை இறக்கி, வரிசையில் நின்று வாங்கிக் குடித்தோம். கோழிமுட்டை சூடு என்று அம்மாயி வெயில் காலத்தில் ஒதுக்கி வைத்த அதே மண்ணில் நாமக்கல் முட்டைப் பண்ணைகள் எழுந்தன. 1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்த பிறகு எத்தனையோ ஏழைப் பிள்ளைகளின் தட்டில் அது வந்து விழுந்தது. குச்சிக்கிழங்கு ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகி வடநாட்டு விரத நாட்களுக்கு லாரி ஏறுகிறது. வயிற்றுச் சூட்டுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சுகிற வீடு அது விளைகிற ஊரில் குறைந்துகொண்டு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் சீன மரபின் யின், யாங் குறைபாடுகளுக்கு முதலில் இடம் கொடுத்தது. 2024 ஜனவரியில் ஆயுர்வேதம், யுனானியோடு சித்த மருத்துவச் சொற்களும் அதில் சேர்ந்தன. அம்மாயி கைவைத்துப் பார்த்துச் சொன்னதற்கு இப்போது கணினியில் எண் இருக்கிறது.

இதெல்லாம் நல்லதுக்கே என்று மனதார நினைக்கிறேன். அம்மாயிக்குப் பிறந்து தங்காமல் போன பிள்ளைகள் உண்டு. வயிற்றுப்போக்கில் போன அந்த உயிர்களை, உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த ஒரு பொட்டலம் காப்பாற்றியிருக்கும். சோதனை செய்து, தேதி குத்தி, கலப்படமில்லை என்று சான்றுபெற்று வருகிற சூரணம், கண்ணால் பார்த்து வாங்கிய சரக்கைவிடப் பாதுகாப்பானது. போனது வேறொன்று. இன்றைய உறையில் நாளுக்கு இருவேளை என்று அச்சிட்டிருக்கிறது. வெயிலில் ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு லாரிக்காரருக்கும், நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிற அவர் மகளுக்கும் அதே இருவேளை. சூட்டையும் குளிர்ச்சியையும் சமப்படுத்துகிற வேலை சரக்கில் பாதி நடக்கிறது என்றால், மீதிப் பாதி “யாருக்குங்க?” என்ற அந்தக் கேள்வியில் நடந்தது. வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் பார்த்துச் செய்யச் சொன்னது இதைத்தான்.

அந்தக் கேள்வி முழுக்கச் செத்துவிடவில்லை. அண்மையில் ஓர் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் வரிசையில் நின்றேன். மருத்துவர் என் பேத்தி வயதுப் பெண். பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்றவற்றிலிருந்து இப்படிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் வருகிறார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மாளுக்கும் எனக்கும் அவர் எழுதியது ஒரே சூரணம். அந்த அம்மாளிடம் அடுப்படியில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று கேட்டு நெய்யில் சாப்பிடச் சொன்னார். என் நாடியைப் பார்த்து, தூக்கத்தையும் பசியையும் விசாரித்து, தேனில் குழைக்கச் சொன்னார், சர்க்கரை உண்டா என்று கேட்டுவிட்டு அந்தத் தேனிலும் அளவைக் குறைத்தார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது, அவர் அவசரப்படவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இன்னும் ஓர் அம்மாயியோ அப்பத்தாளோ இருந்தால், சரக்கின் பட்டியலை மட்டும் கேட்டு எழுதாதீர்கள். பட்டியல் எங்கும் கிடைக்கும். யாருக்கு எதைக் குறைத்தாள், எந்த மாதத்தில் எதைக் கூட்டினாள், எந்தப் பிள்ளைக்கு எதைத் தரவே மாட்டாள் என்று கேளுங்கள். எழுதியதை அந்த இளம் மருத்துவரைப் போன்ற ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். படித்த அறிவும் பழகிய அறிவும் ஒரே மேசையில் உட்காருகிற நாள் எங்கள் சமவெளிக்குக் கட்டாயம் வரும். நாம் இருக்கும்போதே வந்தால் இன்னும் நல்லது.