லித்தியம்

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு உண்டு என்கிறது. அதைப் படித்த தைரியத்தில் ஏஜென்ட் தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

சர்க்கரை இருக்கிறது என்றேன். "இப்ப யாருக்கு சார் இல்ல?" என்று டிக் அடித்தார். பிரஷருக்கும் ஒரு டிக். பைபோலார், பத்து வருஷமாக லித்தியம் மாத்திரை என்றதும் பேனா நின்றது. காபியும் பாதியில் நின்றது.

"லித்தியம்னா, பேட்டரியில போடுவாங்களே, அதா சார்?"

"அதேதான் தம்பி."

குரலைத் தாழ்த்தி, "அதை எழுதாம விட்டுடலாமே" என்றார். எழுதாவிட்டால் நாளைக்கு க்ளெய்மில் 'மறைத்துவிட்டார்' என்பார்கள். எழுதினால் பாலிசியே வராது. பைத்தியம் பிடிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அதற்கும் கவர் இல்லை.

சட்டம் அமலானது 2018 மே மாதம். அந்த ஆகஸ்டிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2022 அக்டோபரில், மாதக் கடைசிக்குள் என்று கெடு வைத்து மறுபடியும் அனுப்பியது. சொன்னது காதில் விழாத நிலைக்கு எங்கள் டாக்டர் ஒரு பெயர் வைத்திருப்பார். கம்பெனிகளைப் பரிசோதிக்க ஆளில்லை.

ஒரு வாரத்தில் குறுஞ்செய்தி வந்தது: விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. மறுநாள் தம்பியே போன் பண்ணினார். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருக்கிறேனா என்று கேட்டார். லித்தியம் பேட்டரிக்கும் சேர்த்தே கவர் உண்டாம்.