நாற்காலி விசாரம்

நாடகப் பள்ளியிற் சேரும் பொருட்டு முதன்முறையாக ஆடிஷனுக்குப் போகும் அபேட்சகர்களைப் பற்றி எழுதப் புகுந்தோர் அனைவரும், அவர்தம் குரலையும் உச்சரிப்பையும் முகபாவத்தையும் விஸ்தாரமாக ஆராய்ந்திருக்க, அப்பரீட்சை அறையின் நடுவே கேட்பாரற்றுக் கிடக்கும் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தையேனும் சொல்லாது விட்டனர். அக்குறையை நீக்குவதே எமது நோக்கம்.

1959-இல் தோன்றிய டெல்லி தேசிய நாடகப் பள்ளியாயினும், 1904-இல் லண்டனில் தோன்றிய ராயல் நாடக அகாடமியாயினும், மனப்பாடம் செய்த வசனப் பகுதிகளைச் சில நிமிஷங்களில் நடித்துக் காட்டச் சொல்வதே முதற்கட்டச் சம்பிரதாயம். அரண்மனையோ போர்க்களமோ, அபேட்சகருக்குக் கிடைக்கும் மேடைச் சாமான் பெரும்பாலும் ஒரு நாற்காலிதான். சிலப்பதிகாரத்தில் ஆடல்மகள் மாதவி ஏறிய அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளந்து, எழினி மூன்றையும் தூணின் நிழல் விழாதபடி வைத்த விளக்கையும் கூட விடாது சொன்ன இளங்கோவடிகள், அங்கே நாற்காலி கிடந்ததாகச் சொல்லவில்லை. ஏழாண்டு பயின்றவளுக்கு அது தேவைப்படவில்லை என்பதே எமது அனுமானம்.

இனி அதன் பிரயோகத்தைக் காண்போம். கிரீஷ் கர்னாடின் ‘துக்ளக்’ நாடகத்திலிருந்து ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்த இருபது வயது இளைஞர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். ஒரு கால் சற்றே குட்டையான பிளாஸ்டிக் நாற்காலி அவருக்குச் சிம்மாசனமாகிறது. டெல்லியிலிருந்து தௌலதாபாத்துக்குத் தலைநகரையே மாற்றிய சுல்தான், அந்த நாற்காலியை ஓரடி நகர்த்தத் துணியாமல், அதன் முதுகை இருகைகளாலும் இறுகப் பற்றியபடி சாம்ராஜ்யத்தைப் பற்றிப் பேசுகிறார். அவர் ஆவேசங்கொள்ளுந்தோறும் அந்தக் குட்டைக் கால் தரையில் ‘டக், டக்’ என்று தட்டி ஆமோதிக்கிறது. வேறு சிலர் நாற்காலியையே எதிர்ப்பாத்திரமாக வரித்துக்கொள்வர். பரீட்சகர் முகத்தைப் பார்த்துக் காதல் வசனம் பேசலாகாது என்று யாரோ புத்தி சொல்லியிருப்பர். அது நல்ல புத்தியே. ஆயினும் நாற்காலியின் முதுகு இடுப்பளவே உயர்ந்திருத்தலால், அவர்தம் காதலி ஆதியோடந்தமாக மூன்றடிக்கு மேல் வளராதவளாகவே இருந்துவிடுகிறாள்.

இவற்றுக்கெல்லாம் காரணம் பரீட்சகரிடத்து உண்டாகும் அச்சமே என்பது பூர்வபட்சம். அச்சம் பிறக்கும் இடங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காகத் தொல்காப்பியர் வகுத்தார். மேசைக்குப் பின்னே தேநீர் அருந்தும் மூவரும் அணங்கல்லர், விலங்குமல்லர். திருப்பித் தரப்படாத விண்ணப்பக் கட்டணத்தை நினைந்து அவரைக் கள்வர் வகையிற் சேர்க்க முற்படும் தோல்வியுற்றோர் கட்சி ஒன்று உண்டு. அதை நாம் ஏற்கோம். எஞ்சியது இறை. மன்னர் முன்னிலையில் நடுங்குவது இயல்புதானே என்பர்.

இஃது ஆழ்ந்து நோக்காதார் கூற்று. அபேட்சகர் அஞ்சுவது பரீட்சகரையன்று, தம் இரு கைகளை. பிறந்தது முதல் தம்மிடத்தே தொங்கிக்கொண்டிருந்தும் ஒருநாளும் சிந்தையிற் கொள்ளப்படாத அக்கைகள், மூவர் முன் நின்ற மாத்திரத்தில் இரவல் வாங்கி வந்தவை போலக் கனத்து, எங்கே வைப்பது என்னும் மகத்தான பிரச்சினையை எழுப்புகின்றன. அதற்கு உடனடிப் பரிகாரம் நாற்காலி. எனவே அது அமர்வதற்கான ஆசனமன்று, கைகளுக்கான புகலிடம் என்பதே சித்தாந்தம்.

பரீட்சகர்களும் இந்த ரகசியத்தை அறிவர். வசனம் முடிந்ததும் அவர்களுள் ஒருவர், “நன்று தம்பி, இதையே நாற்காலி இல்லாமல் இன்னொரு முறை செய்யுங்கள்” என்பார். சொன்னபடி மாற்றி நடிக்க இயலுமா என்று பார்ப்பதே அவர் கருத்து. அபேட்சகரோ தம் கதை முடிந்ததென்றே கொள்கிறார். இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற அந்த நிராசையில் கைகளை அவர் மறந்துவிட, சுல்தான் அப்போதுதான் முதன்முறையாக அறைக்குள் பிரவேசிக்கிறார்.

அங்ஙனமாயின் நாற்காலியை முதலிலேயே அகற்றிவிடலாகாதோ என்று வினவுவோர் உளர். அகற்றலாம், அறைக்குக் கதவு என்று ஒன்று உண்டு, அதைப் பிடித்துக்கொள்வார்.