நடக்கிற தூரம்தான்!

சென்னைக்கு வருகிறவருக்கு எங்கே தங்குவது என்று யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. தி.நகரே நல்லது என்பார் பெரியம்மா. அவருக்கு அங்கிருந்து புடவை வாங்கி வர ஒரு ஆள் வேண்டும். விடுதி விளம்பரங்களிலோ எல்லாமே நடக்கிற தூரம். நடக்கப்போவது யார் என்பதை மட்டும் போடுவதில்லை.

கோயம்பேட்டு வாசம் தனிக் கதை. 2002இல் வெளியூர்ப் பேருந்து நிலையம் அங்கே போனது முதல், தென் மாவட்டத்துக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலேயே அறை போட்டார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் திறந்தது; தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே போய்விட்டன. பழக்கதோஷத்தில் இன்னமும் கோயம்பேட்டில் அறை போடுகிற மதுரைக்காரர், பேருந்தைவிட்டு இறங்கியபின் இன்னொரு பயணம் கிளம்ப வேண்டும். கிளாம்பாக்கம் இருப்பதோ செங்கல்பட்டு மாவட்டத்தில். 'சென்னையில் இறங்கிவிட்டேன்' என்று அவர் வீட்டுக்குப் போன் செய்வது வருவாய்த்துறைக் கணக்கில் பொய்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் மலிவு. பார்த்தசாரதி கோயில், சேப்பாக்கம் மைதானம், மெரினா எல்லாம் நிஜமாகவே நடக்கிற தூரம். காலையில் குளியலறை வரிசைதான் அதைவிட நீளம்.

கிரீம்ஸ் சாலையில் அப்போலோவுக்கு வந்த வங்காளிகள் நிறைய. கடைப் பலகைகளிலும் வங்க எழுத்து. மீன் குழம்புக்குக் கவலையில்லை. தமிழ் மட்டும் தெரிந்தவர் கொஞ்சம் சைகை பழகிக்கொள்வது நல்லது.

இத்தனையும் அலசிவிட்டுப் பலர் கடைசியில் இறங்குவது மடிப்பாக்கத்துச் சித்தப்பா வீட்டில். வாடகை கிடையாது. ஊரிலிருந்து முருங்கைக்காய் மட்டும் வர வேண்டும், பிறகு சித்தப்பாவின் பழைய ஆபீஸ் கதைகளை முழுசாகக் கேட்க வேண்டும்.